ஓர் ஆச்சரியக் குறி

கச்சேரிக் கட்டுகளிலே ஒவ்வொரு காகித உறையின் ஓரத்திலும் ஒரு சிறு நாக்கு நீட்டிக் கொண்டிருக்கும். அதிலே பெயர் எழுதியிருக்கும். கட்டைப் பிரிக்காமலே வேண்டிய உறையை உருவிக் கொள்ளலாம். அந்த நாக்குக்கு ஆங்கிலத்தில் "டாப்" என்று பெயர். கம்ப்யூட்டர் திரையின் உச்சியில், திறந்திருக்கும் கோப்புகளின் பெயர்கள் வரிசையாக நிற்கின்றனவே, அவை அந்த நாக்குகளின் வாரிசுகள்தாம். இவ்வளவு எளிய விஷயத்தில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். ஓர் ஆச்சரியக் குறி இருக்கிறது. ஒரு மாலைப் பொழுதின் உழைப்பை ஒரு நொடியில் அது விழுங்கி விடும்.

வீட்டில் புரோகிராம் எழுதும் பிள்ளையோ பெண்ணோ இருந்தால், அவர்கள் வாயிலிருந்து "விம்" என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். உடனே பாத்திரம் துலக்கும் சாமான் ஞாபகத்துக்கு வந்தால் அது உங்கள் குற்றமல்ல. இந்த விம் வேறு. 1976-ஆம் வருஷத்தில் பெர்க்லி சர்வகலாசாலையில் பில் ஜாய் என்பவர் "வீ-ஐ" என்று ஒரு எழுத்துச் செப்பனிடும் கருவியை அமைத்தார். அதைத் தழுவி, டச்சுக்காரரான பிராம் மூலேனார் 1991-இல் வெளியிட்டதே விம். அதற்கு அவர் விலை கேட்கவில்லை. பிரியப்பட்டவர்கள் உகாண்டா தேசத்து ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று மட்டும் கேட்டுக் கொண்டார். கருவியை வெறுமனே திறந்தால் இந்த வேண்டுகோள் கண்ணில் படும். அந்தப் புண்ணியவான் 2023 ஆகஸ்டில் காலமானார். விம்மிலிருந்து 2014-இல் பிரிந்த கிளை "நியோவிம்" ஆகும். நாம் பார்க்கப் போகும் டாப் வரிசை இந்தக் கிளையைச் சேர்ந்தது.

மற்றக் கருவிகளில் பழகிவிட்டு இங்கே வருகிறவர்களுக்கு முதல் தடுமாற்றம் "டாப்" என்ற சொல்லிலேயே ஏற்படுகிறது. நியோவிம்மில் மூன்று சங்கதிகள் உண்டு: பஃபர், ஜன்னல், டாப். ஒரு நாடகக் கம்பெனியை எண்ணிக் கொள்ளுங்கள். பஃபர் என்பது நடிகர். அதாவது, நினைவில் ஏற்றி வைத்திருக்கும் ஒரு கோப்பு. ஜன்னல் என்பது மேடையில் அவர் நிற்கும் இடம். டாப் என்பது காட்சி. ஒரு காட்சியில் நாலு பேர் நிற்கலாம். அதே ராஜபார்ட்காரர் அடுத்த காட்சியிலும் வரலாம். பலர் வேஷத்தோடு திரைக்குப் பின்னால் காத்துக் கொண்டிருக்கலாம். ஆகவே 2006-இல் விம்மின் ஏழாம் பதிப்பிலிருந்து கிடைக்கும் டாப் வரிசை, காட்சிகளின் ஜாபிதாவே தவிர நடிகர்களின் ஜாபிதா அல்ல. இதை அறியாமல் கோப்புக்கு ஒரு டாப் என்று திறந்து கொண்டே போகிறவர்கள், ஒவ்வொரு நடிகருக்கும் தனித்தனியே ஒரு காட்சி எழுதும் ஆசிரியரைப் போல் அவஸ்தைப்படுகிறார்கள்.

நடிகர்களின் ஜாபிதாவைக் காட்டுவதற்கென்றே ஏற்பட்ட துணைக் கருவிதான் "பஃபர்லைன்". நினைவில் இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் திரையின் உச்சியில் ஒரு பெயர்ச் சீட்டு வைக்கிறது. காட்சிகளைத்தான் காட்ட வேண்டும் என்று நீங்கள் விரும்பினால் அதற்கும் ஒரு சொல் இருக்கிறது. அதை எழுதாவிட்டால் கோப்புகளே வரும். அமைப்பதற்கு, நியோவிம்மின் ஆரம்பக் கோப்பில் லூவா மொழியில் ஒரு வரி எழுதினால் போதும். லூவா, 1993-இல் பிரேஸில் தேசத்து ரியோ நகரில் பிறந்த மொழி. போர்த்துக்கீசியத்தில் அந்தச் சொல்லுக்குச் சந்திரன் என்று பொருள். பெயருக்கேற்ற குளிர்ச்சியான மொழிதான்.

அந்த ஒரு வரியை எழுதியதும் அழகான வரிசை வந்து விடுகிறது. பெரும்பாலோர் பிறகு நேரே வர்ண விசாரத்தில் இறங்கி விடுகிறார்கள்: சீட்டின் ஓரம் சாய்ந்திருக்க வேண்டுமா, நேராக இருக்க வேண்டுமா, பெயருக்கு முன்னால் சித்திரம் வேண்டுமா என்று. இந்த ஆராய்ச்சியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையையே போக்கியவர்கள் உண்டு. வேண்டுமானால் செய்யட்டும். ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது.

விம் சுபாவத்தில் ஜாக்கிரதையான பேர்வழி. சேமிக்காத கோப்பை மூடச் சொன்னால், "கடைசி மாறுதலுக்குப் பின் எழுதி வைக்கவில்லையே" என்று மறுத்து விடும். "தெரியும், பேசாமல் செய்" என்று அதட்டுவதற்குத்தான் கட்டளையின் முடிவில் ஆச்சரியக் குறி போடும் வழக்கம் ஏற்பட்டது. அந்தக் குறியைக் கண்டால் விம் கேள்வி கேட்பதில்லை. இப்போது பஃபர்லைனின் கையேட்டைப் புரட்டுங்கள். பெயர்ச் சீட்டிலுள்ள பெருக்கல் குறியைத் தட்டினால் நடக்க வேண்டிய காரியத்துக்கு "க்ளோஸ் கமாண்ட்" என்றும், சீட்டின் மேல் மௌஸின் வலப் பொத்தானை அழுத்தினால் நடப்பதற்கு "ரைட் மௌஸ் கமாண்ட்" என்றும் பெயர். நாம் ஒன்றும் எழுதாவிட்டால், இரண்டிலும் தானாக அமைந்திருக்கும் கட்டளை "பீ-டெலீட்!" என்பதாகும். முடிவிலுள்ள ஆச்சரியக் குறியைக் கவனியுங்கள். வலப் பொத்தானை அழுத்தினால் ஏதோ ஒரு ஜாபிதா விரியும் என்று மற்ற இடங்களில் பழகிய கை, இங்கே அழுத்தினால் கோப்பு மூடப்படுகிறது. சேமிக்காத மாறுதல் எதுவாயினும் கேள்வி முறையின்றிப் போகிறது. செய்ததைத் திருப்பும் வசதியும் கூடவே போகிறது.

முன் காலத்தில் இந்த அபாயம் இவ்வளவு பெரிதல்ல. சேமிக்காத கோப்பை விட்டு வேறு கோப்புக்குப் போகவே விம் சம்மதிக்காது. "ஹிட்டன்" என்ற ஏற்பாட்டைப் போட்டால்தான், சேமிக்காத கோப்பு திரைக்குப் பின்னால் போய்க் காத்திருக்கும். நியோவிம்மில் 2021 முதல் அந்த ஏற்பாடு இயல்பாகவே அமைந்து விட்டது. மௌஸும் 2022 முதல் தானாகவே வேலை செய்கிறது. இரண்டும் நல்ல சௌகரியங்கள். ஆனால் இவற்றோடு அந்த ஆச்சரியக் குறியையும் சேர்த்துப் பாருங்கள்: சேமிக்காத நாலைந்து கோப்புகள் உள்ளே மறைந்திருக்க, அவற்றை அழிக்கும் பொத்தான் வெளியே விரல் படும் இடத்தில் நிற்கிறது!

பரிகாரம் சுலபம். அந்த இரண்டு இடங்களிலும் குறியை எடுத்துவிட்டு, முன்னால் "கன்பர்ம்" என்று சேர்த்து, "கன்பர்ம் பீ-டெலீட்" என்று எழுதி, கோப்பின் எண் வரவேண்டிய இடத்திலுள்ள சதவீதக் குறியையும் அதையொட்டிய எழுத்தையும் அப்படியே விட்டு விடுங்கள். அப்புறம் சேமிக்காத கோப்பை மூடப் போனால் "சேமிக்கட்டுமா, வேண்டாமா, விட்டு விடட்டுமா?" என்று கேட்கும். வலப் பொத்தானே வேண்டாமென்றால் அதைச் செயலற்றதாகவும் செய்து விடலாம். எனக்கு அதுவே உசிதமாகத் தோன்றுகிறது.

இதிலே இன்னொரு குறையும் உண்டு. "பீ-டெலீட்" நடிகரை அனுப்பும்போது அவர் நின்ற மேடைப் பலகையையும் பெயர்த்துக் கொண்டு போய்விடும். அதாவது திரையை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தால் அந்தப் பிரிவு குலைந்து விடும். பிரிவைக் காப்பாற்றிக் கொடுக்க "மினி பஃப்ரிமூவ்" போன்ற சிறு கருவிகள் இருக்கின்றன.

மற்ற அமைப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சேமிக்காத கோப்பின் சீட்டில் ஒரு வட்டப் புள்ளி தோன்றும். அலங்காரத்துக்காக அதை மட்டும் எடுத்து விடாதீர்கள். ஒரே பெயருடைய இரண்டு கோப்புகள் இருந்தால், கும்பகோணம் ராமசாமி, தஞ்சாவூர் ராமசாமி என்பது போல, அவை இருக்கும் அடைவின் பெயரை முன்னால் சேர்த்துக் காட்டும். இது தானாகவே நடக்கிறது. ஒரு சீட்டுக்கு வழக்கமான அகலம் 18 எழுத்து. 120 எழுத்து அகலமுள்ள திரையில் ஆறு சீட்டுக்கு மேல் நிற்காது. முப்பது கோப்பைத் திறந்து வைத்துக் கொண்டு வரிசை உதவவில்லை என்று குறைப்படுவதில் நியாயமில்லை. கண்ணில் படும் சீட்டுக்குத் தாவ "பிக்" என்ற கட்டளை இருக்கிறது. ஒவ்வொரு பெயரிலும் ஓர் எழுத்து மின்னும், அந்த எழுத்தைத் தட்டினால் அந்தக் கோப்பு வந்து நிற்கும். இதற்கு ஒரு விசையை ஒதுக்கிக் கொண்டவர்கள் மௌஸைத் தேடுவதே அபூர்வம்.

எல்லாம் எழுதி முடித்த பின், நியோவிம்மை மூடித் திறந்து, ஒரு வெற்றுக் கோப்பில் நாலு சொல் தட்டுங்கள். சேமிக்க வேண்டாம். வேறொரு கோப்பைத் திறந்து கொண்டு, முதல் கோப்பின் சீட்டிலுள்ள பெருக்கல் குறியைத் தட்டிப் பாருங்கள். கேள்வி வந்தால் சரி. சத்தமில்லாமல் சீட்டு மறைந்தால், ஆச்சரியக் குறி இன்னும் எங்கேயோ இருக்கிறது.