ஏவாளுக்கு எதுக்குத் தனிப் பேரு?

ஈவைட்னு ஒரு கனிமம். மாங்கனீஸ் ஆர்சனேட், ஆப்பிள் பச்சை நிறம். ஸ்வீடன்ல லோங்பான் சுரங்கத்துல கிடைச்சதை 1968-ல பால் மூர் விவரிச்சார். பேர் ஏவாளோடது! ஏன்னா, இதே அணு அடுக்கு உள்ள துத்தநாக ஆர்சனேட்டுக்கு அடமைட்னு ஏற்கெனவே பேர் இருந்துச்சு. (அந்த ஆதாம் பைபிள் ஆதாம் இல்லீங்க, ஜில்பெர்-ஜோசஃப் ஆதாம்னு ஒரு பிரெஞ்சுக்காரர். 1866-ல வச்ச பேரு. :-))

விஷயம் என்னன்னா, ஈவைட்டோட ஃபார்முலாவேதான் சார்க்கினைட்டுக்கும். அதே லோங்பான்லயும் கிடைக்குது. ரெண்டு மாங்கனீஸ், ஒரு ஆர்சனேட், ஒரு ஹைட்ராக்சில், ஒரு எழுத்து மாறல. "அப்புறம் எதுக்கு ரெண்டு பேரு? விஞ்ஞானிங்களுக்கு வேற வேலை இல்லையா?"ன்னு கேக்கறவங்க உண்டு.

எனக்கு இதுல உடன்பாடே இல்லை. சார்க்கினைட் சதைச் சிவப்பு. அந்தப் பேருக்கே கிரேக்கத்துல சதைன்னுதான் அர்த்தம். அடர்த்தி 4-ஐத் தாண்டும், ஈவைட்டு அதைவிட லேசு. படிக அமைப்பும் வேற: அது ஒற்றைச் சாய்வு, இது செஞ்சாய்சதுரம். அணுக்களை எண்ணிட்டா போதுமா, எப்படி அடுக்கியிருக்குன்னு பாக்க வேணாமா? பள்ளிக்கூடத்துல ஃபார்முலாவை மட்டும் மனப்பாடம் பண்ண வச்சா இந்தக் கேள்விதான் வரும். வைரமும் பென்சில் கரியும்னு ஒரு வரி சொல்லிட்டு ஓடிடறாங்க.

அரிதுங்கறதும் ஒரு காரணமா? லோங்பான் 1972-ல மூடியாச்சு. 270-க்கு மேல கனிமம் குடுத்த இடம் அது. ஒரே பேர்ல பெட்டியில போட்டிருந்தா, ஈவைட் துண்டு எதுன்னு இன்னிக்கு யார் தேடிக் கண்டுபிடிக்கிறது?