அளவும் ஓர் அமானிதமே!



தீவுப் பகுதியில் வாழும் ஒரு பெண்ணுக்குப் பெருநாள் உடுப்புத் தைப்பதென்பது லேசான காரியமல்ல. நயினாதீவில் இருப்பவர் படகில் குறிகட்டுவான் துறைக்கு வந்து, அங்கிருந்து பஸ் ஏறி யாழ்ப்பாணம் போக வேண்டும். நெடுந்தீவில் இருப்பவருக்குக் கடல்வழி மட்டுமே ஏறக்குறைய ஒரு மணி நேரம். இத்தனை பாடுபட்டுத் தைத்து வந்த சட்டையைப் போட்டுப் பார்த்தால், தோள் இறங்கிக் கிடக்கிறது; கை மணிக்கட்டுக்கு மேலே ஏறி நிற்கிறது. திருத்துவதற்கு இன்னொரு கடற்பயணம்! வெட்டிய துணியோ திரும்ப வளராது. இதில் பெரும்பாலும் குற்றம் கத்தரிக்கோலில் இல்லை. கொடுத்த அளவில்தான் இருக்கிறது.

அந்நிய ஆண் நம் உடம்பில் நாடா வைத்து அளப்பது மார்க்கத்துக்கும் மானத்துக்கும் பொருந்தாது. அதனால் பல சகோதரிகள் பழைய சட்டை ஒன்றைக் கொடுத்து, “இதைப் பார்த்துத் தையுங்கள்” என்கிறார்கள். தோய்த்துத் தோய்த்து அந்தச் சட்டை சுருங்கியிருக்கும். அதைத் தைத்த பிறகு உடம்பும் மாறியிருக்கும். அப்படியானால் என்ன வழி? வீட்டிலேயே ஒரு பெண் மற்றப் பெண்ணுக்கு அளவெடுத்து, கடதாசியில் எழுதிக் கொடுப்பதுதான் வழி. இது உம்மாவும் மகளும் ஒரு மாலைப் பொழுதில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை.

முதலில் நாடாவைச் சோதியுங்கள். துணி நாடா நாட்பட இழுபட்டு நீண்டுவிடும். பிள்ளையின் அடிமட்டத்தோடு வைத்துப் பார்த்தால் உண்மை தெரியும். தடித்த உடுப்பின் மேல் அளக்க வேண்டாம். தன்னைத் தானே அளக்கவும் வேண்டாம். கையைத் தூக்கியவுடன் தோளும் மார்பும் இடம் மாறிவிடும்.

மார்புச் சுற்றளவு எடுக்கும்போது நாடா முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். முதுகுப் பக்கம் அது சரிந்து போவதே வழமையான பிழை. மூச்சை அடக்காமல் இயல்பாக நில்லுங்கள். இடுப்புக்கு ஒரு நூலைக் கட்டி, உடம்பை இரு பக்கமும் வளையுங்கள். நூல் தானாகப் போய் நிற்கும் இடத்தில் அளவெடுங்கள். அதற்குக் கீழே உடம்பு மிக அகன்றிருக்கும் பகுதியையும் அளந்து, தனியாக எழுதுங்கள். தோளுக்கு, ஒரு தோளின் நுனி எலும்பிலிருந்து முதுகுப் பக்கமாக மறு தோளின் நுனி எலும்பு வரை.

கையின் நீளத்தில்தான் அதிகமானோர் ஏமாறுகிறார்கள். கையை நேராகத் தொங்கவிட்டு அளந்தால், முழங்கை மடியும்போது சட்டைக்கை மேலேறும். தக்பீர் கட்டுவதற்குக் கையை உயர்த்தும்போது மணிக்கட்டு வெளியே தெரிந்தால், தொழுகையின் நிலை என்ன? ஆகவே முழங்கையைச் சற்று மடித்து, தோள் எலும்பிலிருந்து முழங்கை வழியாக மணிக்கட்டு வரை அளந்துகொள்ளுங்கள். ஹபாயாவின் உயரத்தை, வழமையாகப் போடும் செருப்போடு நின்று எடுங்கள்.

இன்னொரு விடயம் மிக முக்கியம். நீங்கள் எழுதுவது உடம்பின் அளவா, தைத்து முடிந்த சட்டையின் அளவா? சல்வார் மேற்சட்டைக்கு மார்பில் 3, 4 அங்குலம் தளர்வு விடுவது வழக்கம். நீங்களும் தளர்வு சேர்த்து, தைப்பவரும் தளர்வு சேர்த்தால், சட்டை சாக்குப் போல் தொங்கும். “இது உடம்பின் அளவு, தளர்வு சேர்க்கவில்லை” என்று கடதாசியின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். அங்குலமா, சென்ரிமீற்றரா என்பதையும் திகதியையும் குறியுங்கள். பருத்தித் துணியானால், வெட்டுவதற்கு முன் ஒருமுறை நனைத்துக் காயவிடச் சொல்லுங்கள்.

ஆயத்த உடுப்பு வாங்கினால் இந்தக் கரைச்சல் இல்லையே என்று சிலர் நினைக்கலாம். அமெரிக்க விவசாயத் திணைக்களம் 1939, 1940ஆம் ஆண்டுகளில் ஏறக்குறைய 15,000 பெண்களை, ஆளுக்கு 59 அளவுகள் வீதம் அளந்தது. ஆயத்த உடுப்புக்கு அளவு அட்டவணை வகுப்பதே நோக்கம். நம் நாட்டிலும் 1978இல் கட்டுநாயக்க வர்த்தக வலயம் தொடங்கியது முதல், நம் பெண்களின் கைகள் வெளிநாட்டுப் பெண்களின் அளவுக்கு உடுப்புத் தைத்து அனுப்பி வருகின்றன. யாரோ ஒருவருக்காக வகுத்த மீடியமும் லார்ஜும் உங்கள் தோளுக்கும் கைக்கும் எப்படிச் சரிவரும்?

இந்தக் கல்வியை அற்பமாக எண்ணாதீர்கள். 1990 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் சில மணி நேரத்தில் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுக்குள் தையல் தொழிலாளர்களும் இருந்தார்கள். வீடும் கடையும் பொருளும் அங்கேயே நின்றன. கையில் இருந்த தொழில் மட்டும் கூடவே போனது. யாராலும் பறிக்க முடியாத முதல் அது.

தைப்பவருக்கும் ஒரு வார்த்தை. அளவில் குறைவு செய்வோரின் பெயரிலேயே அருள்மறையில் ‘அல்முதஃப்பிஃபீன்’ என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. தராசுக்கு மட்டுமா அந்த எச்சரிக்கை? இரண்டரை மீற்றர் போதுமான இடத்தில் மூன்று மீற்றர் கேட்டு, மிச்சத்தை ஒதுக்கிக்கொள்வதும் அளவில் செய்யும் மோசடிதான். மிச்சத் துணியைக் கேட்காமலே திருப்பிக் கொடுங்கள்.

துணியைப் போலவே அளவும் அமானிதம். ஒரு பெண் தன் உடம்பின் கணக்கை நம்பி உங்களிடம் தருகிறாள். “இன்னாரின் இடுப்பு இத்தனை அங்குலம்” என்று அதை அடுத்த வீட்டில் சொல்லிச் சிரிப்பது புறம் பேசுவதல்லாமல் வேறென்ன? அளவுக் கடதாசியைக் கண்டவர் கண்ணில் படும்படி போட்டுவைக்காதீர்கள். கைத்தொலைபேசியில் வந்த அளவை மற்றவருக்கு அனுப்பாதீர்கள். சரியாக எடுப்பது பாதிக் கடமை; பத்திரமாகக் காப்பது மறுபாதி.

அளப்பதிலும் தைப்பதிலும் நேர்மையாக நடக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக! வஸ்ஸலாம்.