சொல்லக்கூடியவர்தானே

சில மாதங்களுக்கு முன் ஒரு நியூஸ் கார்டை நாற்பது பேருக்கு அனுப்பினேன். டெலிவிஷன் சானல் ஒன்றின் சின்னம், தேதி, ஒரு அரசியல்வாதியின் முகம், அதன் கீழ் அவர் சொன்னதாக இரண்டு வரி. எனக்குப் பிடிக்காத மனிதர். வரிகள் அவர் வாய்க்கென்றே அளவெடுத்துத் தைத்தவை. அரை மணியில் ஒரு நண்பர் போன் செய்தார். ட்ரெடில் காலத்தில் கம்பாஸிட்டராக இருந்தவர், எங்கள் பழைய இதழ்களுக்கு எழுத்துக் கோத்தவர். "சார், அந்தச் சானல்காரங்க இந்த எழுத்து போடறதில்ல. 'ற'வப் பாருங்க, கால் நீண்டு போவுது" என்றார். விசாரித்தேன். சானல் அப்படி எதையும் வெளியிடவில்லை. போலி என்று மறுப்பும் போட்டிருந்தது.

நாற்பது பேருக்கும் மறுப்பை அனுப்பினேன். மூன்று பேர்தான் பதில் போட்டார்கள். ஒருவர், கவிஞர், எழுதினார்: 'பொய்யாகவே இருக்கட்டும். அவன் சொல்லக்கூடியவன்தானே.'

இந்த வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை. அதை முதலில் எழுதியது அவராக இருக்கலாம். கார்டை அனுப்பும்போது என் விரலும் அதைத்தான் சொல்லியிருக்கிறது.

டீப்ஃபேக் பற்றி நம் தினசரிகள் எழுதுவதைப் படித்தால், எங்கிருந்தோ ஒரு யந்திரம் வந்திறங்கி, உண்மையோடு ஒழுங்காகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த நம்மைக் கெடுத்துவிட்டது போலத் தோன்றும். கண் சிமிட்டுகிறதா பார், விரல்களை எண்ணு என்று உபாயங்கள் வேறு. விரல்களைச் சரியாகப் போட யந்திரம் கற்றுக்கொண்டுவிட்டது. யந்திரத்தைத் திட்டுவதில் ஒரு சௌகரியம் உண்டு: நாம் நிரபராதிகளாகிவிடுகிறோம்.

2018 மே மாதம் போளூர் பக்கத்து அத்திமூரில் என்ன யந்திரம் இருந்தது? சென்னையிலிருந்து குலதெய்வக் கோவிலைத் தேடிக் காரில் வந்த குடும்பம். வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார், 65 வயதுப் பெண். பிள்ளை பிடிக்கிறவள் என்று கூட்டம் அடித்தே கொன்றது. அந்த வருஷம் நாடு முழுக்க வாட்ஸப்பில் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்துவிட்டதாகச் சேதிகள், படத்துண்டுகள். பரவலாகச் சுற்றிய ஒரு துண்டு கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். மோட்டார் சைக்கிளில் வருகிறவன் தெருவில் நிற்கும் குழந்தையைத் தூக்கிப்போகிறான். பிறகு திரும்பி வந்து இறக்கிவிட்டு, கடத்துவது எவ்வளவு சுலபம் பாருங்கள் என்று ஒரு அட்டையைக் காட்டுகிறான். திரும்பி வருகிற பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். செயற்கை நுண்ணறிவு ஏதும் தேவைப்படவில்லை. கத்தரிக்கோல் போதுமாயிருந்தது.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகளைத் தேடித்தேடி அடிக்கிறார்கள் என்று கிளம்பியதே, அதில் ஒரு படம் ஜோத்பூரில் நடந்த ஒரு கொலை. இன்னொன்று பாட்னாவிலேயே ஒரு வாடகை வீட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு நடித்து எடுத்தது என்று பீகார் போலீஸே கண்டுபிடித்தது. அங்கிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துப் போயிற்று. அதற்குள் பயந்து ரயிலேறியவர்கள் ஏறிவிட்டார்கள். தமிழன் அடிக்கக்கூடியவன்தானே என்று அங்கே நினைத்தார்கள். அப்படி நினைக்க முடிந்ததற்கு, டீக்கடையிலும் பஸ்ஸிலும் 'வடக்கன்' என்று நாம் பேசிவரும் பேச்சுக்குப் பங்கில்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

இவையெல்லாம் பகைமையின் பொய்கள். பக்தியின் பொய்யும் இருக்கிறது. அதற்கு நாம் கை தட்டினோம். 2018ல் இறந்த மு. கருணாநிதி 2024 ஜனவரியில், டி.ஆர். பாலுவின் சுயசரிதை வெளியீட்டு விழாவில் திரையில் தோன்றிப் பேசினார். நூலாசிரியரை வாழ்த்தினார், மகனின் தலைமையைப் புகழ்ந்தார். அடுத்த மாதம், 2016ல் இறந்த ஜெயலலிதாவின் குரல் அவருடைய பிறந்தநாளன்று கட்சிக்கு ஆதரவு கேட்டது. ஏமாற்று இல்லை, எல்லோருக்கும் தெரிந்துதானே செய்தார்கள் என்கிறார்கள். சரி. ஆனால் எந்த நியாயத்தில்? இருந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார் என்ற நியாயத்தில். என் கவிஞரின் வாக்கியமேதான், மரியாதை விகுதி சேர்ந்திருக்கிறது. வாழ்நாள் முழுக்கப் பிறர் வாய்க்கு வசனம் எழுதிய மனிதர். இப்போது அவர் வாய்க்கு யாரோ வசனம் எழுதுகிறார்கள். அதை அவர் அடித்துத் திருத்த வழியில்லை. எழுதத் தெரிந்த ஒருவருக்கு இதைவிடப் பெரிய அவமானம் என்ன செய்துவிட முடியும்?

(ரஹ்மான் 'லால் சலாம்' படத்தில் மறைந்த இரண்டு பாடகர்களின் குரலை இப்படி எடுத்தார். குடும்பங்களிடம் கேட்டு, பணம் கொடுத்து, வெளிப்படையாகச் சொல்லிச் செய்தார். யோக்கியமான காரியம்தான். ஆனாலும் பாடுகிறவனுக்கு ஒரு பாட்டை மாட்டேன் என்று சொல்லும் உரிமை உண்டு. அதைக் குடும்பம் எப்படி வாங்கிக்கொள்ளும்?)

இதில் நம் இலக்கியவாதிகள் உதவிக்கு வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். வந்தார்கள், எதிர்ப்பக்கத்துக்கு. எல்லாமே கட்டமைப்பு, எல்லாமே பிரதி, செய்தியும் ஒரு புனைவு, உண்மை அதிகாரத்தின் உற்பத்தி, ஆகவே டீப்ஃபேக்கில் புதிதாக என்ன இருக்கிறது? ஒரு கூட்டத்தில் இதைக் கேட்டேன், சிலர் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். அத்திமூரில் இறந்தவர் எந்தப் பிரதி என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அது என் கோழைத்தனம்.

நடந்ததைச் சொல்வது சரித்திரம், நடக்கக்கூடியதைச் சொல்வது கவிதை என்று அரிஸ்டாட்டில் பிரித்து வைத்து இரண்டாயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. 'சொல்லக்கூடியவன்' நம்முடைய சரக்கு. கதையில் ஒரு பாத்திரம் பேசுவதற்கான அளவுகோல் அது. தோல்பாவைக் கூத்துக்காரன் திரைக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறான். ஆனால் கூத்து என்று தமுக்கடித்து ஊரைக் கூட்டுகிறான், விடிந்தால் ஊரார் முகத்தில் விழிக்கிறான். ராமன் பேச்சு சரியில்லை என்றால் அவனைக் கேட்கலாம். நியூஸ் கார்டு செய்தவனை நான் எங்கே போய்க் கேட்பது? கவிதைக்கான அளவுகோலைச் செய்திக்காரனிடம் கொடுத்துவிட்டு, இரண்டும் ஒன்றுதான் என்று தத்துவமும் எழுதிக் கொடுக்கிறோம்.

மறுபக்கமும் இருக்கிறது. 2023 ஏப்ரலில், அன்றைய நிதி அமைச்சர் பழனிவேல் தியாகராஜன் பேசியதாக ஒலித்துண்டுகள் வந்தன. புனையப்பட்டவை என்று அவர் மறுத்தார். அவை எவ்வளவு நிஜம் என்பதில் இப்போது நான் இறங்கவில்லை. என்னைச் சுற்றி நடந்ததைச் சொல்கிறேன்: ஒலியைக் கேட்டு முடிவுக்கு வந்தவர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை. கட்சியைப் பார்த்து முடிவு செய்துவிட்டுப் பிறகு கேட்டார்கள், சிலர் கேட்கவேயில்லை. எதையும் செய்துவிட முடியும் என்றானபின், உண்மையிலேயே சொன்னவனும் நான் சொல்லவில்லை என்றுவிடலாம். பொய் சொல்கிறவனுக்கு இதைவிட நல்ல காலம் இருந்ததில்லை.

கம்பாஸிட்டர் நண்பரைப் போய்ப் பார்த்தேன். எப்படி உடனே தெரிந்தது என்று கேட்டேன். "நாப்பது வருஷம் தலைகீழாப் படிச்சிருக்கேன் சார், அர்த்தத்தைப் பாக்கமாட்டேன், எழுத்தைத்தான் பாப்பேன்" என்றார். கார்டில் இருந்த வாசகம் அவருக்கு ஞாபகம்கூட இல்லை.

அந்தக் கவிஞர் இந்த இதழுக்கு ஒரு கவிதை அனுப்பியிருக்கிறார். படித்தேன். அவர் எழுதக்கூடியதுதான். அவர்தான் எழுதினாரா என்று கேட்டு ஒரு கார்டு போட்டிருக்கிறேன், தபால் கார்டு. இன்னும் பதில் வரவில்லை.