கல்லணையும் கொஞ்சம் குவார்க்கும்!

எங்க தஞ்சாவூர்ப் பக்கம் கல்லணையில நின்னு பார்த்திருக்கீங்களா மக்களே? காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம்னு தண்ணி பிரிஞ்சு ஓடும். ஜெனீவா பக்கத்துல செர்ன்ல புரோட்டான்களை மோதவிட்டா, உள்ளே இருக்கிற குவார்க் தெறிச்சு, துகள் தாரையா பாயும். அதுதான் ஜெட். போற வழியில ஒரு குளுவானைக் கிளை பிரிச்சு விட்டா, ரெண்டு ஜெட் மூணாகிடும்!

மூணு ஜெட் எத்தனை, ரெண்டு எத்தனைன்னு எண்ணி வகுத்தா, குவார்க்குகளைக் கட்டிப்போடுற வலுவிசையோட பலம் தெரியும். ஆற்றல் ஏற ஏற அது குறையணும்ங்கிறது தியரி. குறையலைன்னா பாடப்புத்தகமே காலி! 2011-ல எடுத்த டேட்டாவை வெச்சு, சி.எம்.எஸ். குழு 2013-ல கணக்குப் போட்டுச்சு. 1 டெரா எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டியும் தியரி பாஸ்! (சி.எம்.எஸ். கருவியோட வெளி கலோரிமீட்டர் நம்ம மும்பை டி.ஐ.எஃப்.ஆரும் சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழகமும் செஞ்சதாக்கும்.)

“இதனால குறுவைக்குத் தண்ணி வருமா தம்பி?”ன்னார் தாத்தா. நான் எஸ்கேப்!