நீச்சல் குளத்தின் பழைய தானியங்கிப் பலகை: மாற்றுமுன் எண்ண வேண்டியவை

பொது நீச்சல் குளத்தின் நீர் தெளிந்திருப்பதைக் கண்டு மகிழ்வோர், அத் தெளிவுக்குக் காரணமான பம்பு அறையைப் பற்றி நினைப்பதில்லை. 25 மீட்டர் நீளமும், 12.5 மீட்டர் அகலமும், சராசரி 1.6 மீட்டர் ஆழமும் உடைய குளத்தில் 500 கன மீட்டர் நீர், அதாவது 5 லட்சம் லிட்டர் நீர் நிற்கிறது. இதனை 6 மணி நேரத்திற்கு ஒரு முறை வடிகட்டி வழியே செலுத்த வேண்டுமாயின், மணிக்கு ஏறத்தாழ 83 கன மீட்டர் நீர் ஓடவேண்டும். ஓடும் நீரில் குளோரினும் அமிலமும் தக்க அளவில் சேரவேண்டும். இவ் வேலைகளைக் காலந்தவறாது நடத்துவது, பம்பு அறைச் சுவரில் மாட்டப்பட்டுள்ள தானியங்கிக் கட்டுப்பாட்டுப் பலகையே ஆகும்.

இப் பலகைக்கும் மூப்பு உண்டு. மருந்துகளின் ஆவி படிந்து செம்புக் கம்பிகள் பச்சை பூத்து அரிக்கப்படுகின்றன. ரிலேக்களின் தொடுமுனைகள் தீய்ந்து குழிவிழுகின்றன. பழைய கருவிகள் சிலவற்றில் செயல்திட்டம் முழுவதும் ஒரு சிறு பாட்டரியின் தயவிலேயே நிலைத்திருக்கிறது. பாட்டரி தீர்ந்திருக்கும்போது மின்சாரம் நின்றால், கருவி தன் வேலையையே மறந்துவிடும். உதிரி உறுப்புகளோ கடைகளில் கிடைப்பதில்லை.

இந் நிலையில் இருவகைக் கருத்துகள் எழுகின்றன. ஓடும் வரை ஓடட்டும் என்பர் ஒரு சாரார். இன்றே புதிய பெட்டியை வாங்கி மாட்டினால் கவலை தீரும் என்பர் மற்றொரு சாரார். இரண்டும் பொருந்தா என்பது என் கருத்து. பலகை பழுதாகி நிற்கும் நாள் வரை காத்திருந்தால், கோடை விடுமுறையின் நெருக்கடியில் கிடைத்ததை வாங்க நேரிடும். ஆராயாது மாற்றினாலோ, பழைய பலகை செய்துவந்த ஏதேனும் ஒரு காவல் வேலை எவரும் அறியாமல் விட்டுப்போகும். ஆகவே, குளம் மூடப்படும் காலத்தை முன்னரே குறித்துக்கொண்டு, திட்டமிட்டு மாற்றுவதே அறிவுடைமை.

விட்டுப்போகலாகாத காவல்களில் முதன்மையானது ஒன்று உண்டு. சோடியம் ஹைப்போகுளோரைட்டும் ஹைடிரோகுளோரிக் அமிலமும் ஒன்றோடொன்று நேராகக் கலந்தால் நச்சுத் தன்மையுள்ள குளோரின் வாயு வெளிப்படும். குழாயில் நீர் ஓடிக்கொண்டிருக்கும்போது, இவை தனித்தனியே பெருநீரில் கரைந்துவிடுவதால் தீங்கில்லை. பெரிய பம்பு நின்ற பிறகும் மருந்து செலுத்தும் டோசிங் பம்புகள் ஓடினால், இரண்டும் குழாய்க்குள்ளேயே தேங்கிக் கலக்கும். பம்பு மீண்டும் ஓடத் தொடங்கியதும், அவ் வாயு குழந்தைகள் நீந்தும் குளத்தினுள் பாயும். நீரோட்டம் நின்றாலும் குறைந்தாலும் மருந்தூட்டல் தானே நிற்கவேண்டும் என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2014-இல் முதன்முதலாக வெளியிட்ட நீர்நிலைச் சுகாதார மாதிரி விதிகள் கூறுவது இதனாலேயே.

இக் காவலைப் புதிய கருவியின் செயல்திட்டத்திடம் மட்டும் ஒப்படைத்தல் தகாது. நீரோட்டத்தை உணரும் ஸ்விட்ச் ஒன்று, டோசிங் பம்புகளின் மின்சாரத்தைத் தன் கம்பி வழியே நேராகத் துண்டிக்கவேண்டும். புதிய பலகையை ஏற்றுக்கொள்ளுமுன், குளத்தில் எவரும் இல்லாதபோது பெரிய பம்பை நிறுத்தி, இது நிகழ்கிறதா என்று கண்ணால் காணவேண்டும். பின்னரும் மாதந்தோறும் இச் சோதனை நடைபெறுதல் வேண்டும்.

பலகையுடன் வேகம் மாற்றத்தக்க பம்பையும் வாங்குவோர் உளர். இது சிக்கனமானதே. வேகத்தைப் பாதியாக்கினால் பம்புக்குத் தேவைப்படும் மின்திறன் கொள்கையளவில் எட்டில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் ஓட்டமும் பாதியாகிவிடும். முழு ஓட்டத்திற்கென அமைந்த பழைய ஸ்விட்ச் அப்போது சரியாக உணருமா என்பதை ஆராயாமல் விடலாகாது.

அடுத்தது அளவீடு. பெரும்பாலான கருவிகள் குளோரினை நேராக அளப்பதில்லை. நீரின் ஆக்சிஜனேற்றும் திறனை மில்லிவோல்ட்டுகளில் அளந்து அதனைக் கொண்டே மருந்தூட்டுகின்றன. அத் திறனோ பி.எச். மதிப்பைப் பொறுத்தது. பி.எச். 7.5 அளவில் இருக்கும்போது, நீரிலுள்ள தனிக் குளோரினில் ஏறக்குறைய பாதியே கிருமிகளை விரைந்து கொல்லும் ஹைப்போகுளோரஸ் அமிலமாக உள்ளது, பி.எச். 8 ஆனால் அது காற்பங்களவாகக் குறைகிறது. ஆகவே மூப்படைந்த மின்முனைகளைப் புதிய பலகையுடன் இணைப்பது, மங்கிய கண்ணுக்குப் புதுச் சட்டம் மட்டும் மாட்டுவதை ஒக்கும். மின்முனைகளையும் மாற்றி, பி.எச். 4, 7 ஆகிய திட்டக் கரைசல்களில் சரிபார்க்கவேண்டும். கையால் செய்யும் நீர்ச் சோதனையும் நாள்தோறும் தொடரவேண்டும். நீச்சல் குள நீரின் தரத்திற்கென ஐ.எஸ். 3328 என்னும் இந்தியத் தரக்கட்டளை உள்ளது. தரம் நீருக்கே வகுக்கப்பட்டுள்ளது, பலகையில் தோன்றும் எண்ணுக்கு அன்று.

களப்பணியாளர் செய்யத்தக்க சிறந்த வேலை ஒன்று உண்டு. அதற்குச் செலவும் இல்லை. பழைய பலகையைக் கழற்றுமுன், எந்த வால்வு எப்போது திறக்கிறது, எந்த எச்சரிக்கை மணி எதனால் ஒலிக்கிறது, எந்தக் கம்பி எங்கே செல்கிறது என்பவற்றை ஓர் ஏட்டில் எழுதி, படமும் எடுத்து வைக்கவேண்டும். பல ஆண்டுகள் பம்பு அறையில் உழைத்தவர் நினைவில் மட்டும் உள்ள செய்திகள் அவருடனேயே ஓய்வு பெற்றுவிடக் கூடாது. புதிய பலகையைக் கைபேசியில் பார்க்கலாம் என்பதும் பம்பு அறைக்கு ஆள் வேண்டாம் என்பதற்குக் காரணமாகாது.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. மாணவர்களை நீச்சலுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், அன்றைய சோதனை ஏட்டைக் கேட்டுப் பார்க்கலாம். நீரோட்டம் நின்றது என்று அறிந்தால், பம்பை மீண்டும் ஓட்டுமுன் மாணவர்களைக் கரையேற்றவேண்டும். வேதியியல் வகுப்பில் அமிலமும் குளோரினும் பற்றிக் கற்பிக்க இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. கருவிகள் மாறிக்கொண்டே இருக்கும். அவற்றைச் சோதித்தறியும் விழிப்பு மாறாதிருந்தால், குளத்தில் இறங்கும் குழந்தைகள் நலமுடன் கரையேறுவர்.