‘எங்கேஜ்’ என்றால் வேலை நிச்சயமா?



ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கம்பெனிகளில் அப்ரண்டிசாகச் சேரும் பிள்ளைகளின் கடிதங்களை உங்களில் சிலர் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, “படித்துச் சொல்லுங்கள் சார்” என்கிறீர்கள். அவற்றில் அடிக்கடி வரும் வினைச்சொல் ‘எங்கேஜ்’.

நமக்குப் பழகிய சொல்தான். போன் எங்கேஜ்டு என்றால் அவர் வேறு யாருடனோ பேசுகிறார். வராத ஆசிரியரின் வகுப்பை இன்னொருவர் எங்கேஜ் செய்வார். கிளட்சை விட்டதும் எஞ்சினின் வேகம் சக்கரத்துக்குப் போகிறதே, அதுவும் எங்கேஜ்தான். எங்கேஜ்மென்ட் என்றால் நிச்சயதார்த்தம்.

இதன் வேர் பழைய பிரெஞ்சுச் சொல்லான ‘காஜ்’. ஈடு, பிணை என்று பொருள். ‘மார்ட்கேஜ்’ என்பதிலும் அது இருக்கிறது. கூலியைக் குறிக்கும் ‘வேஜ்’கூட அதே வேரில் பிறந்ததுதான்.

நம் காதில் முதலில் விழுவது நிச்சயதார்த்தம். “பையனுக்கு வேலை நிச்சயம்” என்று சொல்லி, அந்த நம்பிக்கையில் பைக்குக்குத் தவணையும் கட்டத் தொடங்கிவிடுகிறோம். ‘அப்பாயிண்ட்’ வேறு, இது வேறு. ‘எங்கேஜ்டு’ என்பதை அடுத்து ‘அப்ரண்டிஸ்’ என்று இருந்தால், பயிற்சிக்கு எடுத்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி அவர் பயிற்சியாளர், தொழிலாளி அல்ல. பயிற்சி முடித்தாலே வேலை உண்டு என்று அந்தச் சட்டம் வாக்குத் தரவில்லை.

ஆனால் இரண்டு விஷயங்கள் அதில் உண்டு. பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு முதலாளியும் தமக்கென ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்கிறது 2014 திருத்தம். பயிற்சிக்குப் பின் அங்கேயே வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் நிபந்தனை இருந்தால், தகுந்த வேலை கொடுக்க முதலாளியும் கட்டுப்பட்டவர்.

ஆகவே சேரும் நாளிலேயே கேளுங்கள்: “உங்கள் கொள்கை என்ன? ஒப்பந்தத்தில் அந்த நிபந்தனை இருக்கிறதா?” பதினெட்டு நிரம்பாத பிள்ளை என்றால் கையெழுத்துப் போடப்போவது பெற்றோரான நீங்கள்தான். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

என் கருத்து இதுதான்: தமிழ்நாட்டில் தரும் இந்தக் கடிதத்தோடு ஒரு தமிழ்ப் பிரதியும் தர வேண்டும். பயிற்சி நல்லது, சான்றிதழும் நாளை உதவும். இரண்டையும் தெரிந்து ஏற்றுக்கொள்ளட்டும் நம் பிள்ளைகள். கடிதம் புரியவில்லை என்றால் கையெழுத்துக்கு முன்பே அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.