சேரியில் எப்போது குழி வெட்டுவீர்கள்?

2023இல் எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்தில் இரண்டு செய்திகள். ஜனவரி 30 அன்று தண்டராம்பட்டு அருகே தென்முடியனூரில், பல பத்தாண்டுகளாக வெளியே நிறுத்தப்பட்டிருந்த தலித் மக்கள் போலீஸ் பாதுகாப்போடு முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போனார்கள். ஏப்ரலில் வந்தவாசிப் பக்கம் கீழ்நமண்டியில் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. அங்குள்ள ஈமப்பேழைப் புதைவிடத்தின் காலம் பொ.ஆ.மு. 1692 என்கிறது கரிமப் பகுப்பாய்வு. இரண்டாவது செய்தியைப் பகிர்ந்து நெஞ்சை நிமிர்த்திய பலரும் முதல் செய்தியைக் கண்டும் காணாமல் போனார்கள்.

பெருமை எனக்கும் உண்டு. ஆனால் கீழடிக்குப் பிறகு, ‘ஆதித் தமிழரிடம் சாதியே இல்லை’ என்று பேசுவது ரொம்பவே எளிதாகிவிட்டது. பெரிதாக வழிபாட்டுச் சின்னம் எதுவும் கிடைக்கவில்லையாம், அதுவே சான்றாம். சாதி சிலையிலா இருக்கிறது, தோழர்களே? வீடு கட்டிய இடத்தில், நீர் இறைத்த கிணற்றில், ஊருக்கும் சேரிக்கும் நடுவே விட்ட இடைவெளியில் அல்லவா இருக்கிறது!

தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள ராசராசன் காலக் கல்வெட்டுகள், ஊர்களில் வரி நீக்கிய நிலங்களைப் பட்டியலிடுகின்றன. அதில் ஊர் நத்தம் தனி, பறைச்சேரி தனி. சுடுகாடும் அதே பட்டியலில் வருகிறது. ‘தீண்டாச்சேரி’ என்றே எழுதிய இடமும் உண்டு. ஆக, ஆயிரம் ஆண்டுக்கு முன்பே பிரித்துவிட்டார்கள். அதற்கு எவ்வளவு காலம் முன்பு? அதை மண்ணைத்தான் கேட்க வேண்டும். ஊர் நத்தத்தில் ஒரு குழி, சேரி நத்தத்தில் ஒரு குழி வெட்டி அடுக்குகளை ஒப்பிடுங்கள். சேரி எந்த அடுக்கில் தொடங்குகிறது, அங்கே என்ன தானியம் தின்றார்கள், எந்த எலும்பு கிடக்கிறது, பானை எப்படிப்பட்டது என்பதெல்லாம் தெரியவரும்.

இது புதுமையான யோசனை ஒன்றுமில்லை. அமெரிக்காவில் தாமஸ் ஜெபர்சனின் மான்டிசெல்லோ பண்ணையில், மாளிகையோடு நிற்காமல் அடிமைகள் வாழ்ந்த மல்பெரி வரிசையையும் தோண்டினார்கள். அவர்கள் புழங்கிய பாத்திர ஓடுகள், பொத்தான்கள், தின்று போட்ட எலும்புகள் எல்லாம் கிடைத்தன. எசமானின் கணக்கேட்டில் வெறும் பெயராக இருந்தவர்களின் அன்றாட வாழ்க்கை அப்படித்தான் வெளியே வந்தது.

பூம்புகாரைக் கடல் கொண்டுபோகிறதே என்று கவலைப்படுகிறோம், நியாயம்தான். சேரியை, எங்கள் பக்கத்துப் பேச்சில் காலனியை, பொக்லைன் கொண்டுபோகிறது. தாழ்வான இடம், மண்சுவர், கூரை. ஒரு வெள்ளம், ஒரு சாலை, ஒரு தொகுப்பு வீடு என்று ஒவ்வொரு முறையும் அடுக்குகள் கலைகின்றன. தொகுப்பு வீடு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆராய்ச்சிக்காக யாரும் ஒழுகும் கூரைக்குள் கிடக்க வேண்டியதில்லை. அடித்தளம் வெட்டும்முன் தொல்லியல் துறை ஒருமுறை வந்து பார்க்கட்டும், அவ்வளவுதான்.

வரும்போது, தோண்டலாமா என்று முதலில் அந்தத் தெரு மக்களைக் கேளுங்கள். மண் கூடை சுமக்க மட்டும் எங்கள் பெண்களைக் கூப்பிடாதீர்கள். அளவெடுக்கவும், வரையவும், பதிவேட்டில் எழுதவும் அந்தத் தெருப் பிள்ளைகளுக்கே பயிற்சி கொடுங்கள். அறிக்கையில் அவர்கள் பெயரும் வரட்டும்.